மூன்றாம் வாரமே திரும்பி வரும் அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்ததையே செய்வதுமாக வாட்டும் ஓ.சி.டி. என்ற மனநோய் பற்றிய உங்கள் கட்டுரையில் கை கழுவுவது, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது என்று அறிகுறிகளை நன்றாக விளக்கியிருந்தீர்கள். மாத்திரை விஷயம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. மருந்துக் கடையில் நிற்கிறவன் என்பதால் அந்த வரியைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா மீதிச் சில்லறையைக் கையில் வாங்க மாட்டார். கண்ணாடி மேல் வைக்கச் சொல்லி, காகிதத்தால் வழித்துப் பைக்குள் தள்ளிக்கொள்வார். சோப்பு பட்டுப்பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ஓ.சி.டி.க்கும் மனச்சோர்வுக்கும் எழுதும் செர்ட்ரலின் மாத்திரையை வாங்கிப் போனவர் மூன்றாம் வாரமே மீதி அட்டையோடு வந்து, "இது கேட்கல தம்பி, திருப்பி எடுத்துக்குங்க" என்றார்.

இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வயிற்றுப் புரட்டலும் தூக்கக் கேடும் முதல் வாரமே வந்துவிடும். பலன் நிதானமாகத்தான் வரும். ஓ.சி.டி.க்கு ஒரு மருந்து கேட்கிறதா என்று பார்க்க, போதிய அளவில் 8 முதல் 12 வாரம் சாப்பிட வேண்டும். அளவும் கூடுதல். மனச்சோர்வுக்குப் பலருக்கு 50 மில்லிகிராம் செர்ட்ரலினே போதும். ஓ.சி.டி.க்கு 200 வரை ஏற்றுவார்கள். ஏற்றியதும் நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டில் பயந்துபோகிறார்கள்.

முதல் மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை என்பதும் உண்மை. அப்போது செர்ட்ரலின் வகையிலேயே இன்னொரு மருந்துக்கு மாற்றுவார்கள், இல்லையென்றால் பழைய குளோமிப்ரமின். 1989இலேயே அமெரிக்காவில் ஓ.சி.டி.க்கு அனுமதி பெற்ற மருந்து அது. வாய் வறட்சி, மலச்சிக்கல், இதயத் துடிப்பில் கோளாறு என்று தொந்தரவு கூடுதல் என்பதால் முதலில் எழுதுவதில்லை. சிலருக்கு ரிஸ்பெரிடோன் என்ற வேறு வகை மனநல மருந்தைச் சிறு அளவில் கூடச் சேர்ப்பதும் உண்டு.

அப்புறம், "அந்த அல்ப்ரஸோலமே கொடுங்க, அதுல நிம்மதியா இருந்துச்சு" என்று சீட்டில்லாமல் கேட்பவர்கள். அது பதற்றத்துக்கான மாத்திரை. அப்போதைக்குத் தணிக்குமே தவிர, ஓ.சி.டி.யைக் குறைக்காது. பழக்கமாகிவிடும் வேறு.

குணம் தெரிந்தாலும் குறைந்தது ஓராண்டாவது தொடர வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும். கை கழுவாமல் பதற்றத்தைத் தாங்கிப் பழகும் பயிற்சியும் கூடவே நடந்தால் பலன் அதிகம். அடுத்த இதழில் இந்த வாரக் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், கும்பகோணம்