மூன்றாவது துளை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வாங்கிய வீட்டின் வயரிங் எப்படி என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

வீடு 1950-களில் கட்டியது. புதிதாகப் போடும் பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் கட்டாயம் என்று அமெரிக்க மின் விதிநூல் பொதுவாகச் சொன்னதே 1962-ல்தான். அதனால் ஹாலில் எல்லாம் இரண்டு துளைப் பாயிண்டுகள். உங்கள் பேத்தியின் அறையில் மட்டும் மூன்று துளை. மூன்று விளக்கு உள்ள சின்ன டெஸ்டரைச் செருகினேன், எல்லாம் சரி என்று காட்டியது.

கழற்றிப் பார்க்காமல் நம்பாதே என்பீர்களே, அதனால் பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்றினேன். உள்ளே வந்திருந்தது இரண்டே வயர். எர்த்தின் பச்சைத் திருகையும், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலின் வெள்ளித் திருகையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பதறிவிட்டது அப்பா. நியூட்ரலும் எர்த்தும் மெயின் பெட்டியில் ஒன்றுசேர்வதால் டெஸ்டருக்கு இந்த ஏமாற்று தெரிவதில்லை. வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் வழியாகவே மின்சாரம் திரும்பி அதன் உலோக உடம்பில் வந்து நிற்கும். அந்தப் பாயிண்டில்தான் குழந்தையின் மேஜை விளக்கு செருகியிருந்தது. இங்கே 120 வோல்ட்தான், ஆனாலும் ஆளைக் கொல்ல அது போதும்.

இன்னொன்று. இங்கே கறுப்புதான் ஃபேஸ். வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சை அல்லது உறையில்லாத செம்புக் கம்பி. உங்களோடு வேலைக்கு வந்த காலம் முழுக்கக் கறுப்பை நியூட்ரல் என்று பழகிய கை இது. "கறுப்பு - ஃபேஸ்" என்று தாளில் பெரிதாக எழுதி மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொட்டேன்.

சொந்த வீட்டு வேலையை வீட்டுக்காரரே செய்ய இந்த ஊரில் அனுமதி தருகிறார்கள், வாங்கிக்கொண்டேன். பழைய வயர் 14 கேஜ் தடிமன், நம் கணக்கில் சுமார் 2 சதுர மில்லிமீட்டர். பிரேக்கர் 15 ஆம்ப். வயர் நல்ல நிலையில் இருந்ததால் மாற்றவில்லை. மெயின் பெட்டியின் எர்த் பட்டையிலிருந்து பச்சை வயர் ஒன்றை மட்டும் தனியாக இழுத்து அந்த அறைக்குக் கொண்டுபோனேன். பழைய சர்க்யூட்டுக்கு இப்படிச் செய்ய விதி இடம் தருகிறது. அதன்பிறகு அங்கிருந்து எர்த் உள்ள புதுக் கேபிள் போட்டு இரண்டு பாயிண்டுகள் கூட்டினேன். எர்த் இல்லாத சர்க்யூட்டை அப்படியே நீட்டக் கூடாது.

சுவரைக் கொத்துகிற வேலை இங்கே இல்லை. மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் பலகை, நடுவில் காலி இடம். கீழே நிலவறையிலிருந்து துளை போட்டு வயரை மேலே ஏற்றினேன். ஆனால் பெட்டிகள் சின்னவை. ஒவ்வொரு 14 கேஜ் வயருக்கும் 2 கன அங்குலம் இடம் வேண்டும் என்று கணக்கு. பழைய பெட்டியில் அந்த இடம் இல்லை என்பதால் பெரிதாக ஒன்று மாற்றினேன். எர்த்தை ஒரு பாயிண்டின் திருகு வழியாக அடுத்ததற்குக் கொண்டுபோகாமல், பெட்டிக்குள் எல்லா எர்த் வயர்களையும் முறுக்கிச் சேர்த்து, ஒரு துண்டு வயரை மட்டும் வால்போலத் திருகுக்கு விட்டேன். பாயிண்டைக் கழற்றினாலும் எர்த் அறுபடாது. உங்களிடம் கற்ற பழக்கம். சோதனைக்கு வந்த அதிகாரி அந்த முறுக்கை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஹாலில் இப்போதைக்கு ஜி.எஃப்.சி.ஐ. என்ற, மின்கசிவைக் கண்டால் அணைந்துவிடும் பாயிண்டுகள் போட்டு, எர்த் இல்லை என்ற ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். போகிற கரண்டும் வருகிற கரண்டும் 5 மில்லி ஆம்ப் அளவு வேறுபட்டாலே மின்சாரத்தை அறுத்துவிடும், அதற்கு எர்த் தேவையில்லை. நம் வீட்டுப் பெட்டியில் நீங்கள் போட்ட மின்கசிவு பிரேக்கர் 30 மில்லி ஆம்பில்தானே விழும்? ஜி.எஃப்.சி.ஐ. ஆளைக் காக்கும், ஆனாலும் அது எர்த் ஆகாது. கம்ப்யூட்டரை அங்கே செருக வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹாலின் வெளிச்சுவருக்குள் குளிருக்காகப் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், வயர் ஏற மறுக்கிறது. நீங்களாக இருந்தால் கீழிருந்து ஏற்றுவீர்களா, பரணிலிருந்து இறக்குவீர்களா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகன்