பி.ஆர். உள்ளவர்கள் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"சமையலறைக்கு ஆள் தேவை, பி.ஆர். உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்." பி.ஆர். என்றால் நிரந்தர வதிவுரிமை. உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இந்த வரியைப் போன கிழமையும் பார்த்தேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 18 வருடமாக டேக்-அவுட் கடை நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்யும் 11 பேரில் நாலு பேர் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அகதிக் கோரிக்கை வைத்தவர் விண்ணப்பித்துப் பெறுவது ஓபன் வேர்க் பெர்மிற், அதாவது ஒரு முதலாளியோடு மட்டும் கட்டுப்படாத வேலை அனுமதி. அவரை வேலைக்கு எடுக்க முதலாளி ஒரு படிவமும் நிரப்பத் தேவையில்லை, அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஸ்பொன்சர் பண்ண வேண்டி வரும் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அவருடைய சின் இலக்கம் (சமூகக் காப்புறுதி எண்) 9இல் தொடங்கும், அதற்கு ஒரு முடிவுத் திகதி இருக்கும், அவ்வளவுதான். பெர்மிற்றின் பிரதியை வாங்கிவைத்து, திகதியைக் கலண்டரில் குறித்துக்கொண்டால் போதும்.

அந்தத் திகதி விஷயத்தில்தான் நான் பெரிய பிழை விட்டேன்.

எங்கள் கடையில் ரோல்ஸ் சுற்றும் தங்கச்சி வவுனியாப் பக்கத்தவர். பெர்மிற் முடிவதற்கு மூன்று கிழமைக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார். முடிந்த அன்று என் கணக்காளர், "சின் எக்ஸ்பயர் ஆயிற்று, இனி அவவை வைத்திருக்க ஏலாது" என்றார். நானும் யாரிடமும் விசாரிக்காமல், புதுப் பெர்மிற் வந்த பிறகு வாங்கோ என்று அனுப்பிவிட்டேன். ஏழு கிழமை வீட்டில் இருந்தார். பேஸ்மென்ற் வாடகைக்குக் கடன் வாங்கினார். ஊரில் அம்மம்மாவோடு இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் காசு போகவில்லை. பிறகுதான் ஒரு லோயர் எனக்கு விளங்கப்படுத்தினார்: பெர்மிற் முடிவதற்கு முன் புதுப்பிக்க விண்ணப்பித்தவர், கனடாவை விட்டு வெளியே போகாமல் இருந்தால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படியே வேலை செய்யலாம். விண்ணப்பம் கிடைத்தது என்று குடிவரவுத் திணைக்களம் அனுப்பிய கடிதம் அவருடைய கைபேசியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை. ஏழு கிழமைச் சம்பளத்தையும் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். இப்போது யாருடைய பெர்மிற் என்றாலும் முடிய நாலு மாதம் இருக்கும்போதே நானே ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

பிறகு அவருடைய அகதிக் கோரிக்கைக்கு விசாரணைத் திகதி வந்தது. அந்தக் கிழமை முழுக்க ரோல்ஸைச் சுற்றிவிட்டு ஓரத்தை ஒட்ட மறந்துகொண்டே இருந்தார். எண்ணெயில் போட்டதும் ஒவ்வொன்றாக வாய் பிளந்து, இறைச்சியெல்லாம் எண்ணெயில் மிதந்தது. குசினிப் பொறுப்பாளர் சத்தம் போட்டார். பொறுப்பாளரை வெளியே கூட்டிக்கொண்டு போய், காணாமல் போன தன் அண்ணனைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவருக்கு அவ எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டிய கிழமை இது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. விசாரணைக்கு முதல் நாளும் விசாரணை அன்றும் சம்பளத்தோடு லீவு கொடுத்தோம். மணிக்கு 17.60 டொலர்ப்படி 16 மணித்தியாலத்துக்கு 281 டொலர் 60 சதம். ஒரு கல்யாண ஓடரில் இதைவிடக் கூடுதலான சாப்பாட்டை மிச்சமென்று கொட்டுகிறோம்.

இனி, எங்கள் ஆட்கள் செய்யும் அநியாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாமல், கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுப்பது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், மனிதாபிமான, இரக்க அடிப்படையில் விண்ணப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் நிராகரிப்புக்குப் பிறகு 12 மாதம் பொறுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி, இந்த மனிதர் இங்கே எவ்வளவு வேரூன்றியிருக்கிறார் என்றும் பார்ப்பார். என்ன வேலை செய்தார், வரி கட்டினாரா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றெல்லாம். என்னிடம் பிந்தி வந்து சேர்ந்த ஒருவர், அதற்கு முன் வேறொரு கடையில் மூன்று வருடம், தினமும் பத்து மணித்தியாலம் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டினவர். லோயர் ரி-4 (முதலாளி கொடுக்கும் வருடச் சம்பள, வரிச் சீட்டு) கேட்டபோது அவரிடம் ஒன்றுமே இல்லை. காகிதத்தில் அவர் மூன்று வருடம் சும்மா இருந்த மனிசன். குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளச் சீட்டும் ஒருவரின் குடிவரவு நிலையைப் பார்த்துக் கொடுக்கிற விஷயம் இல்லை. அவற்றைக் கொடுக்காமல் விட்ட முதலாளி மிச்சம் பிடித்தது ஒரு சில ஆயிரம் டொலர். அந்த மனிசனோ இந்த நாட்டில் இருக்கிற வழியையே இழக்கப் பார்த்தார்.

வேலைக் கடிதமும் அப்படித்தான். "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. எந்தத் திகதியில் தொடங்கினார், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், கடையில் எதற்குப் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. ஆனால் உண்மையை மட்டும் எழுதுங்கள். இரக்கப்பட்டு ஒரு வருடத்தைக் கூட்டி எழுதினால், பொய்த் தகவல் என்று அவருக்கு ஐந்து வருடத் தடை வரக்கூடும். படிவங்களை நீங்களே நிரப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், அதை லோயரோ உரிமம் பெற்ற ஆலோசகரோ செய்யட்டும். வசதி இல்லாதவருக்கு ஒன்ராறியோ சட்ட உதவி இருக்கிறது. ஒருவருடைய பாஸ்போட்டை "பத்திரமாக" வாங்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் சிலருக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியதை மேடைகளில் நன்றியோடு நினைவுகூருகிறோம். கரை சேர்ந்தவருக்கு அடுத்துத் தேவை வேலை. 1990இல் டான்ஃபோர்த் வீதியில் ஒரு கிரேக்கர்தான் எனக்கு முதல் வேலை தந்தார். கோப்பை கழுவும் வேலை. அவருக்குத் தமிழும் தெரியாது, என் கேஸும் தெரியாது. ஆனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளச் சீட்டோடு காசோலை தந்தார். லோயர் கடிதம் கேட்டபோது, அவருடைய மகள் தட்டெழுத்தில் அடித்த ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தத் தங்கச்சியின் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. நிரந்தர வதிவுரிமை விண்ணப்பத்தில் பிள்ளைகள் இருவரையும் சேர்த்திருக்கிறார். அது கிடைக்கும்வரை பெர்மிற்றைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். "பி.ஆர். மட்டும்" என்று விளம்பரம் கொடுத்த கடையில் இவருக்கு இன்றைக்கும் வேலை கிடையாது.

விளம்பரம் வாங்கும்போது அந்த வரியை மாற்றச் சொல்லிக் கடைக்காரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அடுத்த இதழுக்கு நானும் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறேன். "கொத்து ரொட்டி போட ஆள் தேவை. கனடாவில் வேலை செய்ய அனுமதி உள்ள எவரும் அழைக்கலாம். சம்பளம் காசோலையில்."

இப்படிக்கு,
ஸ்காபரோ கடைக்காரர் ஒருவர்