அந்த 9ஆம் இலக்கம்

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமை கதைக்கும்போது நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "ஒரு கப்கூட வென்று தராத மனிசனை நியூகாசில் சனம் ஏன் அப்பா இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுது?" கடையில் ஆட்கள் நின்றதால் அப்போது ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

நீ கேட்ட அந்த உதைபந்தாட்டக்காரர் அலன் ஷியரர் இந்த ஊர்ப் பிள்ளை. கொஸ்போத்தில் பிறந்தவர், தகரவேலை செய்த தகப்பனின் மகன். பிளாக்பர்ன் அணிக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வென்று கொடுத்து, ஐரோப்பிய நாடுகளின் போட்டியான யூரோ 96இல் 5 கோல் அடித்து நின்ற நேரம், மான்செஸ்டர் யுனைட்டெட்டும் கூப்பிட்டது. அங்கே போயிருந்தால் வீட்டு அலுமாரி நிறையப் பதக்கம் கிடைத்திருக்கும். அவர் இங்கே நியூகாசில் அணிக்கு வந்தார். 15 மில்லியன் பவுண், அன்றைக்கு உலகத்திலேயே கூடிய விலை. அவரைப் பார்க்க மைதான வாசலில் திரண்ட ஆயிரக்கணக்கான சனத்திடம், தான் ஒரு தகரவேலைக்காரரின் மகன் என்றுதான் சொன்னார். நாங்கள் இந்த ஊருக்கு வந்து அப்போது அதிக காலம் இல்லை. தன் ஊரை இவ்வளவு விரும்புகிற ஒருவரைப் பார்க்க எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

பத்து வருடம் ஆடினார். 1998, 1999 இரண்டு வருடமும் எஃப்.ஏ. கப் இறுதியாட்டத்தில் தோல்வி. ஆனால் நியூகாசிலுக்கு 206 கோல். 2006 பெப்ரவரியில் நியூகாசிலின் பழைய ஆட்டக்காரர் ஜாக்கி மில்பர்னின் 200 கோல் சாதனையைத் தாண்டினார். பிளாக்பர்ன் காலத்தையும் சேர்த்துப் பிரீமியர் லீக்கில் அவர் அடித்த 260ஐ இன்னும் ஒருவரும் தொடவில்லை. கடைசிக் கோலும் யாருக்கு எதிராக? எங்கள் பக்கத்து ஊர்ப் பரம எதிரி சண்டர்லாந்துக்கு! அந்த ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது, அதோடு சரி.

அப்புறம் 2009இல் அணி கீழ்ப் பிரிவுக்கு விழும் நிலையில் நின்றபோது, பயிற்றுநராக வரச்சொல்லிக் கேட்டார்கள், வந்தார். 8 ஆட்டத்தில் ஒன்றுதான் வெற்றி, அணி கீழே இறங்கியது. கடைக்கு வந்த ஒருவர்கூட அவரைக் குறை சொல்லி நான் கேட்கவில்லை. வீடு எரியும்போது ஓடிவந்த பிள்ளையை யார் ஏசுவார்கள்?

போன கிழமை பரக் ரோட்டில், அவருடைய வெண்கலச் சிலைக்குக் கிட்ட நின்றேன். ஒரு கிழவர் நாலு வயது மதிக்கத்தக்க பேரனைக் கூட்டிவந்திருந்தார். கோல் அடித்ததும் ஷியரர் வலது கையை உயர்த்திக்கொண்டு ஓடுவார், சிலையும் அப்படித்தான் நிற்கிறது. பெடியனின் வலது கையைப் பிடித்து மேலே தூக்கி, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, "இப்படித்தான், உள்ளங்கை தெரியவேணும்" என்று காட்டிக்கொடுத்தார். ஷியரர் கடைசியாக ஆடி எத்தனை வருடம் ஆகிறது, யோசித்துப் பார்.

2025 மார்ச்சில் வெம்பிளியில் லிவர்பூலை வென்று கப் எடுத்தோமே, 1955க்குப் பிறகு முதல் உள்நாட்டுக் கிண்ணம். அன்றைக்கு அவர் சனத்தோடு சனமாக நின்று துள்ளினார். டிவியில் அதைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. கோலுக்கு இல்லை.

அம்மா அலுமாரி ஒதுக்கும்போது, நீ ஏழு வயதில் கழற்றமாட்டேன் என்று அழுத கறுப்பு வெள்ளைச் சட்டை கிடைத்தது. முதுகில் ஷியரரின் இலக்கமான 9 பாதி உரிந்துவிட்டது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் ரொறொன்ரோவுக்கு அனுப்பவா, நத்தாருக்கு வரும்போது எடுக்கிறாயா? சொல்லு.

அன்புடன்,
அப்பா