கவினுக்கு, அந்த பனியனைப் பற்றி

அன்புள்ள கவினுக்கு,

போன வாரம் நீ போட்டோ அனுப்பிக் கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போட மனசு வரவில்லை. உன்னை மாதிரி யோசிக்கிற வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உங்கள் யுனிவர்சிட்டி பெயர் போட்ட ஓட்டப் பயிற்சி பனியன், அறுபது டாலர். "தைத்தவங்களுக்கு இதில் என்ன கிடைத்திருக்கும் அத்தை? இனிமேல் இந்த மாதிரி எதையும் வாங்க மாட்டேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெருமையாக இருந்தது கண்ணு. ஆனால் வாங்காமல் இருப்பதோடு நீ நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் ஆறு வருஷம் செக்கிங்கில் இருந்தது உனக்குத் தெரியும். விலை அட்டையைக் கோத்துவிடுவதும் எங்கள் வேலைதான். ஒரு பனியன் 25 யூரோ என்று அட்டையில் இருக்கும். அன்றைக்கு என் ஒரு ஷிப்ட் கூலி நூறு ரூபாய்கூட இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா அந்த எண்ணை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்புறம் ஒருநாளும் அட்டையின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். துண்டுகளைப் பொருத்தி, டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துணிக்குள் ஒரு துண்டு தங்கிப் போனால் சரக்கு முழுக்கத் திரும்பி வந்துவிடும் என்ற பயம். ஒரு நாள் ஓவர்லாக் மிஷினில் ஒரு பெண்ணுக்கு விரலில் ஊசி ஏறி உள்ளேயே உடைந்துவிட்டது. சூப்பர்வைசர் முதலில் தேடியது ஊசியின் மறுபாதியை. துணியை உதறி, தரையில் காந்தத்தை ஓட்டி அதைக் கண்டுபிடிக்கும் வரை அவள் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஊசிப் பதிவேடு சரியாக எழுதப்பட்டது. அவள் விரலைப் பற்றி எழுத ஒரு பதிவேடும் இல்லை. வாங்குகிற பிராண்டின் சார்பில் ஆடிட், அதாவது சோதனை, வருகிற நாளில் எல்லோருக்கும் முகக்கவசம் வரும், பாத்ரூமில் சோப்பு வரும். எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் "சோதித்து விட்டோம்" என்று ஒரு பிராண்ட் சொன்னால் எனக்கு அது காதில் ஏறாது. வியட்நாமில் நைக்கிக்கு ஷூ செய்த ஒரு தொழிற்சாலையை எர்னஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனம் சோதித்து எழுதிய அறிக்கை 1997-ல் வெளியே கசிந்தது. ரசாயனம் சில இடங்களில் உள்ளூர்ச் சட்ட அளவைப் போல 177 மடங்கு வரை இருந்தது, தொழிலாளிகளில் 77 சதவீதம் பேருக்கு மூச்சுக் கோளாறு என்று அதில் இருந்தது. கசிந்திருக்காவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது. அடுத்த ஆண்டு மே மாதம் நைக்கியின் தலைவர் ஃபில் நைட், தன் கம்பெனியின் பெயர் அடிமைக் கூலி, கட்டாய ஓவர்டைம் என்பதற்கே மறுபெயராகிவிட்டது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஷூ தொழிற்சாலைகளில் வேலைக்கான குறைந்தபட்ச வயதை 18 ஆக்குவதாகவும் அறிவித்தார். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதில் உன் வயசுப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நீ தனியாக வாங்காமல் விட்டால் அந்த பிராண்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பெயர் இல்லாத மலிவுச் சரக்குக்கு மாறினாலோ, அது எங்கே யார் தைத்தது என்று கேட்கவும் ஆள் இருக்காது. மத்திய அமெரிக்காவில் இருக்கிற ஹோண்டுராசில் நடந்ததைப் பார். ரசல் அத்லெடிக் என்ற அமெரிக்க விளையாட்டு உடை கம்பெனி 2009 ஜனவரியில் அங்கே ஒரு தொழிற்சாலையை மூடியது. சங்கம் வைத்த தொழிற்சாலை அது. வேலை இழந்தவர்களே அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்து பேசினார்கள். மாணவர்கள் நெருக்கியதில் நூற்றை நெருங்கும் கல்லூரிகள், தங்கள் பெயர் போட்ட உடைகளுக்காக ரசலோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை முறித்தன. அந்த நவம்பரிலேயே கம்பெனி இறங்கி வந்தது. புதுத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து 1,200 பேரைத் திரும்பச் சேர்க்கவும், சங்கத்தை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்தோனேசியாவிலும் அப்படித்தான். அடிடாஸுக்குத் தைத்துக் கொடுத்த பி.டி. கிசோன் என்ற தொழிற்சாலையின் முதலாளி 2011-ல் நாட்டை விட்டு ஓடிப்போக, 2,800 பேருக்குச் செட்டில்மென்ட் பணம் நின்றது. ஆர்டரை முன்பே நிறுத்திவிட்டோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது அடிடாஸ். 2012-ல் அமெரிக்காவின் கார்னெல் யுனிவர்சிட்டி அடிடாஸோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்தது, மற்ற கல்லூரிகள் பின்னால் வந்தன, 2013 ஏப்ரலில் அடிடாஸ் தொழிலாளிகளோடு உடன்பாட்டுக்கு வந்தது.

ரெண்டு இடத்திலும் என்ன வேண்டும் என்று முதலில் சொன்னது தைத்தவர்கள். ஹோண்டுராஸ்காரர்கள் வேலையைத் திரும்பக் கேட்டார்கள், இந்தோனேசியாக்காரர்கள் பாக்கியைக் கேட்டார்கள். மாணவர்கள் அதையே தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். "வாங்காமல் விட்டால் அவங்க வேலை போய்விடுமே" என்ற உன் கவலைக்கும் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

உங்கள் யுனிவர்சிட்டி ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியத்தில் இருக்கிறதா என்று கேள். கல்லூரிப் பெயர் போட்ட உடைகளைத் தைக்கிறவர்களின் உரிமைகளைக் கண்காணிக்க 2000-ல் மாணவர்கள் போராடி உருவாக்கிய அமைப்பு அது. லோகோ போட்ட சரக்கைத் தைக்கும் தொழிற்சாலைப் பட்டியலைக் கேட்டு வாங்கு. ஓட்டக் குழுவில் இருக்கிற மற்ற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ.

அந்த பனியனை வாங்கிவிட்டாய் என்றால் சங்கடப்படாமல் போட்டுக்கொள். அதற்கு முன் உள்பக்கம் திருப்பி, இடது விலாத் தையலில் இருக்கும் சின்ன லேபிளை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. தையலும் கொஞ்சம் தெரிகிற மாதிரி எடு கண்ணு.

அன்புடன்,
அத்தை