அறுபது பல்லு எண்பது ஆன கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தொழில்நுட்பப் பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, பழைய மெஷின் மேனுவலையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஓசிஆர் சாஃப்ட்வேர்ல (படத்துல இருக்கற எழுத்தப் படிக்கற சாஃப்ட்வேர்) போட்டா சில நிமிஷத்துல டெக்ஸ்ட்டா வந்துடும், அப்புறம் புத்தகத்த எடைக்குப் போட்டுடலாம்னு. முதல் பாதி சரிதான், நானே செஞ்சு பாத்திருக்கேன். ரெண்டாவது பாதியப் படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதறேன்.

நான் லேத், அதாவது இரும்பு கடையற மெஷின், ஓட்டுறவன். எங்கிட்ட இருக்கற லேத்துக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. அதோட மேனுவல் நூத்துச் சொச்சம் பக்கம், ஓரமெல்லாம் மடிஞ்சு எண்ணெய்க் கறை ஏறி, இனிமே புரட்டினா உதிர்ந்துடும்ங்கற நிலைமை. அதுக்குள்ள காப்பாத்திடுவோம்னு நானும் என் பையனும் ரெண்டு நாள் உக்காந்து ஸ்கேன் எடுத்து டெசராக்ட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஓட்டினோம். வந்தத பாத்து அசந்துட்டேன் சார். எந்த வார்த்தைய அடிச்சாலும் அது வர்ற இடமெல்லாம் வரிசையா வந்து நிக்குது, இத்தன வருஷம் விரல்ல எச்சி தொட்டுப் புரட்டினதெல்லாம் வீணாப் போச்சேன்னு தோணுச்சு. அந்த குஷில டெக்ஸ்ட்ட மட்டும் ஃபோன்ல ஏத்திக்கிட்டு புத்தகத்த பரண்ல வெச்சுட்டேன்.

அடுத்த வாரமே மாட்டினேன். மூணு நூல் (எட்டுல மூணு இன்ச்) போல்ட் ஒண்ணுக்கு மரை, அதாவது நட்டு ஏறுற திருகு வரி, வெட்டணும், இன்ச்சுக்கு 16 மரை. என் லேத்துல வெட்டுற டூல நகத்துற லீட் ஸ்க்ரூ இன்ச்சுக்கு 8 மரை, அதனால கியர் ஒண்ணுக்கு ரெண்டுன்னு மாட்டணும், ஓட்டுற கியர் 30 பல்லுன்னா லீட் ஸ்க்ரூவுல 60 பல்லு. ஃபோன்ல இருந்த கியர் சார்ட்டுல 30, 80ன்னு இருந்துச்சு, நானும் 80 எடுத்து மாட்டிட்டேன். மனக்கணக்குலயே வர்ற விகிதம்தான், ஆனா பளிச்சுனு டைப் அடிச்ச மாதிரி எழுத்துல ஒண்ணு இருந்தா புத்தி அத கேள்வியே கேக்க மாட்டேங்குது. வெட்டி முடிச்சு நட்ட போட்டா ஒரு சுத்து கூட ஒழுங்கா ஏறல. மரை அளக்கற பிட்ச் கேஜ் வெச்சா 16லயும் உக்காரல, 20லயும் உக்காரல. கணக்குப் போட்டா இன்ச்சுக்கு 21 மரையும் அதுக்கு மேல மூணுல ஒரு பங்கும் வருது. இப்படி ஒரு மரைக்கு நட்டு எங்க போய் தேடறது. முதல் கோடு போட்டதுமே கேஜ் வெச்சுப் பாக்காதது என் தப்பு, அத ஒத்துக்கறேன்.

பரண்ல இருந்து புத்தகத்த இறக்கிப் பாத்தா 60தான் போட்டிருக்கு. அந்த 6 மேல ஊசி முனை அளவுக்கு ஒரு எண்ணெய்ப் புள்ளி, சரியா மேல் வளைவோட வாய அடைச்சுக்கிட்டு இருக்கு. மேல கீழ வரிய பாத்தா நமக்கு 6ன்னு தெரிஞ்சுடும், சாஃப்ட்வேருக்கு வாய் மூடியிருந்தா அது 8, அவ்வளவுதான்.

இதுல சாஃப்ட்வேர நான் குறை சொல்லல. டெசராக்ட் நேத்து மொளச்சது இல்ல, 1985ல இருந்து 1994 வரைக்கும் ஹெச்பி கம்பெனிக்குள்ள உருவானது, 2005ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டாங்க, 2018ல வந்த நாலாவது வெர்ஷன்ல இருந்து நியூரல் நெட்வொர்க் வெச்சு வரி வரியா படிக்குது. வார்த்தைகள்ல தப்பு ரொம்பக் குறைவு, ஏன்னா மொழி எப்படி இருக்கும்னு அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு எழுத்து மங்கலா இருந்தாலும் பக்கத்து எழுத்த வெச்சு ஊகிச்சுடும், தப்பா ஊகிச்சாலும் படிக்கற நமக்கு அது உறுத்தும். நம்பருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. 60ம் நம்பர்தான், 80ம் நம்பர்தான், எது சரின்னு எந்த டிக்ஷனரி சொல்லும்? மேனுவல்ல உசுரே நம்பர்லதான் சார் இருக்கு. கதைப் புத்தகத்துல பத்து எழுத்து தப்பினா கதை போயிடாது, இங்க ஒரு தசமப் புள்ளி விட்டுப் போனா 0.25 மில்லிமீட்டர் கேப்பு 25ன்னு ஆயிடும்.

அந்த ஒரு சார்ட்ட மட்டும் எடுத்து பையன் ஃபோன்ல இருக்கறத சத்தமா படிக்க நான் புத்தகத்துல விரல் வெச்சுப் பாத்துக்கிட்டே வந்தேன். 127 பல்லு கியர் ஒரு இடத்துல 121ன்னு ஆகியிருக்கு, இன்னொரு இடத்துல 1 ஒரு கட்டத்துலயும் 27 அடுத்த கட்டத்துலயும் போய் உக்காந்திருக்கு. லேத்காரங்களுக்குத் தெரியும், இன்ச் லீட் ஸ்க்ரூவுல மில்லிமீட்டர் மரை வெட்டணும்னா அந்த 127தான் கணக்க நேர் பண்ணும், ஒரு இன்ச் 25.4 மில்லி, அத அஞ்சால பெருக்கினா 127. 121ன்னு ஒரு கியர் என் பெட்டியிலயே இல்ல, அதனால அந்தத் தப்பு என்னை ஏமாத்தாது. பெட்டியில 80 பல்லு கியர் இருந்ததுதான் என்னை ஏமாத்துச்சு. பார்ட் நம்பர் லிஸ்ட் இன்னும் மோசம், எஸ் எழுத்தெல்லாம் 5, பி எழுத்தெல்லாம் 8, ஜீரோ எது ஓ எது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பட்ட பிறகு கத்துக்கிட்டது கொஞ்சம் சொல்றேன், செய்ய நினைக்கறவங்களுக்கு உதவும். ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து ஓசிஆர் போடாதீங்க, நம்ம நிழலே விழும், பைண்டிங் பக்கம் வரி வளைஞ்சு போகும். ஸ்கேனர்ல 300 டிபிஐக்கு (இன்ச்சுக்கு 300 புள்ளி) குறையாம, கிரேஸ்கேல்ல எடுத்து, ஜேபெக் இல்லாம டிஃப் இல்லன்னா பிஎன்ஜியா சேவ் பண்ணுங்க, ஜேபெக் எழுத்தச் சுத்தி தூசி மாதிரி ஒண்ணு தூவும். பேப்பர் மெலிசா இருந்தா பின் பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியும், அதுக்கு அந்தத் தாளுக்குப் பின்னால ஒரு கருப்பு அட்டைய வெச்சு ஸ்கேன் பண்ணினா பின் எழுத்து அமுங்கிடும், இது பையன் கண்டுபிடிச்சு சொன்னது, அஞ்சு பைசா செலவில்லாத வேலை, ஆனா ரிசல்ட்ல அவ்வளவு வித்தியாசம். சார்ட், டேபிள் வர்ற பக்கங்கள தனியா வெட்டி, அதுவா பத்தி பத்தியா பிரிக்க விடாம மொத்தமும் ஒரே பிளாக்னு சொல்லிக் குடுத்தா ஓரளவுக்கு வரிசை கலையாது. பார்ட் நம்பர் பக்கத்துக்கு டிக்ஷனரிய ஆஃப் பண்ணிடலாம், அதுக்கும் செட்டிங் இருக்கு.

இப்ப புதுசா ஏஐ கிட்ட பக்கத்தோட படத்தக் குடுத்தா அழகா டைப் பண்ணிக் குடுக்குதுன்னு சொல்றாங்க. குடுக்குது, இல்லங்கல. ஆனா பழைய ஓசிஆர் தடுமாறினா பல இடத்துல கன்னாபின்னான்னு குறி விழும், இங்க ஏதோ கோளாறுன்னு பாத்ததும் தெரியும். இது புரியாத இடத்துல பொருத்தமா ஒரு நம்பர தானா போட்டு சார்ட்ட நிரப்பிடுது, எனக்கு அதுதான் ஜாஸ்தி பயம்.

ஸ்கேன் இமேஜ் இருக்கே, அத நம்பலாமேன்னு கேப்பீங்க. நம்பலாம், அதுலயும் ஒரு கண்ணு வேணும். 2013ல டேவிட் கிரீசல்னு ஒரு ஜெர்மன்காரர் ஒரு வீட்டு பிளான ஸ்கேன் பண்ணப்போ மூணு ரூமுக்கு மூணு வேற அளவு இருந்தது ஸ்கேன்ல எல்லாமே 14.13ன்னு வந்துச்சு. ஓசிஆரே போடல, வெறும் ஸ்கேன்தான், ஃபைல் சைஸ் குறைக்கறதுக்காக ஒரே மாதிரி தெரியற எழுத்துகளுக்கு ஒரே படத்த ஒட்டுற கம்ப்ரெஷன் முறை செஞ்ச வேலை அது. அதனாலதான் ரொம்ப அமுக்கின கருப்பு வெள்ளை ஸ்கேன்ன்னா எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு.

தமிழ் மேனுவல்னா கதையே வேற. எங்கிட்ட பழைய சர்வீஸ் கையேடு ஒண்ணு இருக்கு, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால அச்சானது, அதுல ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. அத ஓட்டினா அந்த எழுத்து வர்ற இடமெல்லாம் ஏதேதோ குறியா வருது. அது போக தூசி பட்டா புள்ளி கூடும், அச்சு தேஞ்சிருந்தா புள்ளி போயிடும், காலும் ரகரமும் மாறிக்கும். அத கையாலயே டைப் பண்ணிடலாம்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணு. எனக்கு முன்னால இந்த லேத் வெச்சிருந்தவர் புத்தக ஓரத்துல பென்சில்ல நிறைய எழுதி வெச்சிருக்கார், எந்த ஸ்பீடுல அதிரும், எந்த கியர்ல பல்லு தேஞ்சிருக்குன்னு. கம்பெனி எழுதாத விஷயம். ஓசிஆர் அத பாதி கண்டுக்கவே இல்ல, மீதிய கோடும் கமாவுமா துப்பிடுச்சு. புத்தகத்த எடைக்குப் போட்டிருந்தா அதுவும் சேந்துதான போயிருக்கும்?

நான் கேக்கறது ஒண்ணுதான் சார். மேனுவல மத்தவங்களுக்குக் குடுக்கறவங்க வெறும் டெக்ஸ்ட் ஃபைலா குடுக்காம, பக்கத்தோட படம் மேல கண்ணுக்குத் தெரியாம டெக்ஸ்ட் லேயர் படிஞ்ச பிடிஎஃப்பா குடுக்கட்டும். ஓசிஆர்மைபிடிஎஃப்னு இலவசமாவே இருக்கு, சாஞ்ச பக்கத்தையும் அதுவே நிமித்திடும். தேடறதுக்கு டெக்ஸ்ட், பாக்கறதுக்குப் படம். 60ஆ 80ஆன்னு சந்தேகம் வந்தா அந்த இடத்தப் பெருசாக்கிப் பாத்தா எண்ணெய்ப் புள்ளி தெரிஞ்சுடும். அந்தக் கட்டுரைல இத ரெண்டு வரி சேத்துப் போடுங்க, எடைக்குப் போடற வரிய எடுத்துடுங்க.

எங்களுக்கு இன்னும் நாப்பது பக்கம் படிச்சு ஒத்துப் பாக்க பாக்கி இருக்கு. தினம் ராத்திரி ரெண்டு பக்கம்னு போய்க்கிட்டு இருக்கு.

இப்படிக்கு,
லேத் ஓட்டும் வாசகன்