நம் ஊர்க் குட்டைக்குக் கை கொடுங்க

வெளியூரில் இருக்கும் நம் ஊர்ச் சொந்தங்களுக்கு, குட்டை சீரமைப்புக் குழுவின் வணக்கமுங்க.

மாரியம்மன் நோம்பிக்கு வந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். வடக்கு வீதியில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. கம்பத்தைச் சுற்றி ஆட இளவட்டங்கள் போதாமல் பெரியவர்களே சலங்கை கட்டினார்கள். காலையில் பால் சொசைட்டிக்குக் கேனோடு வருபவர்களில் நாற்பது வயதுக்குள் இருப்பவர் இரண்டே பேர்.

யாரும் ஆசைப்பட்டு ஊரை விட்டுப் போகவில்லை. கிணறு வற்றியது. நகையை அடகு வைத்து ஆயிரம் அடிக்குப் போர் போட்டோம், புழுதிதான் பறந்தது. லாரித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய தென்னையில் வெள்ளை ஈ விழுந்தது. அப்புறம் மாட்டுக் கட்டுத்தறி காலியானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை ஆனால் சம்பளம் கையில் இருக்கும். பிள்ளைகளுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம். போனதில் தப்பே இல்லை. இருக்கிறவர்களாவது பண்ணையத்தை விடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை.

நம் அப்பாக்கள் காலத்திலிருந்து கேட்டுவந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் போகிறது. அந்தப் பட்டியலில் நம் குட்டை இல்லை. சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் கொடுப்போம். அதுவரை ஐப்பசி, கார்த்திகை மழைதான் நமக்கு.

அந்த மழையும் குட்டைக்கு வந்து சேர்வதில்லை. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால் குட்டையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வரத்து ஓடையைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. வெள்ளம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து, கிளுவை வேலியைச் சாய்த்து, பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது. பார்த்துக்கொண்டு நின்றோம்.

கருவேலத்தை வேரோடு எடுத்து, ஓடையை வெட்டி, குட்டையைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்த வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் டிராக்டரும் ஆளும் தருகிறோம். வண்டலை அவரவர் காட்டுக்கு அடித்துக்கொள்கிறோம். பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும்தான் பணம் வேண்டும்.

500 ரூபாயோ, ஒரு நாள் சம்பளமோ, முடிந்ததைக் கொடுங்கள். குழுவிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை ஒவ்வொரு அமாவாசைக்கும் கோயில் பலகையில் எழுதி வைப்போம். புரட்டாசி கடைசிக்குள் ஓடை வேலை முடிய வேண்டும், ஆடியிலேயே கொடுத்தால் உதவியாக இருக்குமுங்க.