சுரங்கக்காரன் மகளுக்கு

வடலூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நம் வீட்டைப் பற்றி நீ எழுதி அனுப்பிய பதினெட்டுப் பக்கமும் வந்தது. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் பெரிய எழுத்தாக எடுத்து வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நான் சம்பள நாளன்று குடித்துவிட்டு வந்த ராத்திரியை எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன். "நிதானமா படிங்க" என்றாள்.

வீட்டு விஷயத்தை வெளியே எழுதலாமா, சித்தப்பா அத்தையெல்லாம் என்ன சொல்வார்கள், வேண்டாமென்றால் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று கேட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எனக்குப் பேச்சு வராது, அது உனக்குத் தெரியும். தவிர, இதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னொரு ஆளின் துணை வேண்டியிருக்கிறது. உன் ஊர்க்காரம்மாதான், கன்ட்ரி என்று சொல்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுப் பாடகி லொரெட்டா லின்.

நாங்கள் நாஷ்வில் வந்திருந்தபோது அந்தம்மாவின் பண்ணை இருக்கும் ஹரிக்கேன் மில்ஸுக்குக் கூட்டிப்போனாய். தூண் வைத்த பெரிய வெள்ளை வீடு, கண்ணாடிக்குள் வரிசையாகத் தொங்கிய கவுன்கள், இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே மாதிரிக்கு அமைத்து வைத்திருந்த சுரங்கத்துக்குள் போனேன். கரிச்சுவரை நகத்தால் கீறிப் பார்த்ததற்கு நீ சிரித்தாய். முப்பத்தோரு வருஷம் கன்வேயர் பெல்ட் ஓரம் நின்றவன், சும்மா போவேனா? நம் நெய்வேலி திறந்தவெளி. பள்ளம் எவ்வளவு ஆழமானாலும் தலைக்கு மேல் வானம் உண்டு. அந்தம்மா பிறந்த கென்டக்கியில் குன்றின் வயிற்றுக்குள் புகுந்து, நிமிர முடியாத இடத்தில் முட்டி போட்டு வெட்டியிருக்கிறார்கள். எங்களுக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, உனக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தது. அங்கே அந்தக் காலத்துச் சுரங்க ஊர்களில் கம்பெனி அச்சடித்த சீட்டுதான் சம்பளம். அதுவும் கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும்.

திரும்பி வந்த பிறகு அந்தம்மாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பேரன் யூடியூபில் போட்டுக் காட்டினான். 1932இல் புட்சர் ஹாலோ என்ற மலை இடுக்கில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா டெட் வெப், வான் லியர் சுரங்கத்தில் வேலை. வீட்டில் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று. சனிக்கிழமை ராத்திரி நாஷ்வில்லிலிருந்து வரும் கிராண்ட் ஓல் ஓப்ரி நிகழ்ச்சியை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். கல்யாணம் பதின்மூன்று வயதில் என்று ரொம்ப காலம் எல்லோரும் நம்பினார்கள். 2012இல் யாரோ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இல்லை, பதினைந்து முடிந்திருந்தது என்றார்கள். நம் பாட்டியின் வயது மாதிரிதான். எந்தக் காகிதத்தை எடுக்கிறாயோ அந்த வயது.

புருஷன் டூலிட்டில் லின். அவன்தான் எங்கேயோ வாஷிங்டன் மாநிலத்து மூலைக்குக் கூட்டிப்போய்க் குடித்தனம் வைத்தவன். சின்ன வயதிலேயே நாலு பிள்ளை. பதினேழு டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்து, "நீ நன்றாகத்தான் பாடுகிறாய், போய்ப் பாடு" என்று மேடைக்குத் தள்ளியவனும் அவனே. 1960இல் முதல் ரெக்கார்டு. அதைக் காரில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஊர் ஊராக ரேடியோ நிலையக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தூக்கம் காரிலேயே. அந்தப் பாட்டு நாட்டுப்புறப் பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறிவிட்டது. அந்த வருஷமே ஓப்ரி மேடை.

அந்த டூலிட்டில் குடிகாரன். பெண் சகவாசமும் உண்டு. அந்தம்மா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. பாட்டாகப் போட்டது. குடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுக்காதே என்று ஒரு பாட்டு. 1967இல் முதன்முதலாக முதலிடத்துக்குப் போனது அதுதான். என் புருஷனைக் கொத்திக்கொண்டு போகிற அளவுக்கு நீ பெரிய ஆள் இல்லை என்று ஒரு பாட்டு. அவனைச் சுற்றி வந்த ஒருத்திக்குக் குத்து விழும் என்று 1968இல் இன்னொன்று. நம் தெருக் குழாயடியில் கேட்காத சண்டையா? ஆனால் அதை நாடு முழுக்க ரேடியோவில் பாடினால்? அத்தனை பாட்டும் புருஷனைப் பற்றியதுதான் என்று அந்தம்மாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு அவனும் வீட்டில்தான் இருந்தான். அந்தக் கச்சேரிக் காசில்தான் சாப்பிட்டான்.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டு தெரியுமா? 1972இலேயே பதிவாகிவிட்டது. ரெக்கார்டு கம்பெனி பயந்து 1975 வரை வெளியே விடவில்லை. விட்டதும் பல ரேடியோக்காரர்கள் போட மறுத்தார்கள், பாதிரியார்கள் திட்டினார்கள். ஆறு பிள்ளை பெற்றவள் பாடுகிறாள், யார் போய் அவளிடம் வாதாடுவது? இந்த இடத்தில் உன் அம்மா ஏதோ சொன்னாள், எழுத மாட்டேன்.

விருதுகளை நீயே பார்த்துக்கொள். நாட்டுப்புற இசைச் சங்கத்தின் ஆண்டுச் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண், 1972இல். 2013இல் ஒபாமா கையால் பதக்கம். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. 1984இல் ஒரு மகன் அந்தப் பண்ணை ஆற்றிலேயே மூழ்கிப் போனான். தொண்ணூறுகளில் டூலிட்டில் சர்க்கரை நோயில் கிடந்தபோது, கச்சேரிகளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது. இத்தனை பாட்டு வாங்கியவனை! 1996இல் அவனும் போனான். 2004இல், எழுபத்திரண்டு வயதில், மகன் வயதுகூட இல்லாத ராக் இசைக்காரர் ஜாக் வைட்டோடு சேர்ந்து புது ஆல்பம், இரண்டு கிராமி. 2017இல் பக்கவாதம், அடுத்த ஜனவரியில் இடுப்பு எலும்பு முறிவு. 2021இல் மறுபடியும் ஓர் ஆல்பம். 2022 அக்டோபரில் தூக்கத்திலேயே போய்விட்டது. தொண்ணூறு வயது.

நான் சொல்ல வந்தது 1970ஐ. நிலக்கரித் தொழிலாளி மகள் என்று தன் வீட்டையே பாடியது அப்போதுதான். அப்பா ராத்திரி சுரங்கத்தில், பகலில் சோளக் கொல்லையில். அம்மா துணி தேய்த்துத் தேய்த்து விரலில் ரத்தம். பன்றி விற்ற காசில் குளிருக்குச் செருப்பு. எழுதியது இன்னும் நீளமாம், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னாராம். பேரன் போட்டுக் காட்டினான். பாஷை எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் குரலில் கெஞ்சல் இல்லை, அய்யோ பாவம் இல்லை. ரேஷன் கார்டில் உள்ள பேர்களை வாசிப்பது மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

டெட் வெப் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. 1959இலேயே இறந்துவிட்டார், நுரையீரலில் கரித்தூசியோடு. மகளின் ஒரு ரெக்கார்டு கூட அவர் காதில் விழவில்லை. இதைப் படித்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்தவனைப் பற்றி அவன் மகள் என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விட்டது பார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டுப் பக்கம், பெரிய எழுத்தில். கிழிக்காதே. சித்தப்பா கேட்டால் என்னிடம் அனுப்பு. குடித்துவிட்டு வந்த ராத்திரியும் இருக்கட்டும். நான் வாசலில் விழுந்துகிடந்தேன் என்று எழுதியிருக்கிறாய். திண்ணையில்தான் கிடந்தேன், ஆனால் அது பெரிய வித்தியாசமில்லை.

ஒன்றை மட்டும் திருத்திவிடு. பதினொன்றாம் பக்கத்தில், அம்மாவின் டூ-இன்-ஒன் ரேடியோவை நான் விற்றுவிட்டதாக எழுதியிருக்கிறாய். விற்கவில்லை. அடகு வைத்தேன், மூன்றாம் மாதமே மீட்டுவிட்டேன். சீட்டு இன்னும் அவள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியிலிருந்தே சொல்கிறாள், அடகு வைத்தது இரண்டு தடவையாம்.

அன்புடன்,
அப்பா